டயதெர்மி: உடலின் ஆழத்தில் வெப்பமளிக்கும் சிகிச்சை

டயதெர்மி என்பது உயர் அதிர்வெண் மின்காந்த அலைகளால் தசை, மூட்டு ஆகியவற்றின் ஆழத்தில் வெப்பத்தை உண்டாக்கும் இயன்முறைச் சிகிச்சையாகும். சிற்றலைக் கருவிகள் பெரும்பாலும் 27.12 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகின்றன. இவ்வெப்பத்தால் இரத்த ஓட்டம் பெருகுகிறது. தசை இறுக்கமும் வலியும் தணிகின்றன.

சிகிச்சைக்கு முன்

கீழ்க்கண்டவற்றுள் எது இருப்பினும் இயன்முறை மருத்துவரிடம் தெரிவிக்கவும்:

• பேஸ்மேக்கர், நரம்புத் தூண்டல் கருவி
• எலும்பில் பொருத்திய உலோகத் தகடு, திருகு
• கர்ப்பம், புற்றுநோய்
• நீரிழிவு முதலியவற்றால் ஏற்பட்ட உணர்விழப்பு

உடலினுள் உள்ள மின்கம்பிகள் அலைகளின் ஆற்றலைக் கடத்திச் சுற்றியுள்ள திசுவைச் சுட்டுவிடக்கூடும். பொருத்திய கருவியை அணைத்து வைத்தாலும் இவ்வாபத்து நீங்குவதில்லை; உயிரிழப்பும் நேரலாம்.

சிகிச்சையின்போது

நகை, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடவும். தோல் உலர்ந்திருக்க வேண்டும். வியர்வைத் துளியிலும் சூடு குவியும்.

திசு எவ்வளவு சூடேறியது என்பதற்கு உங்கள் உணர்வே முதன்மையான அளவுகோல். இதமான சூடே போதுமானது. கூடுதல் சூடு விரைவில் குணமளிக்கும் எனக் கருதிப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்; எரிச்சல் தோன்றிய உடனே கூறவும்.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

சூட்டை உணரவோ எடுத்துச் சொல்லவோ இயலாதவருக்கு இச்சிகிச்சை தவிர்க்கப்படுகிறது. அந்நிலையை முன்னதாகத் தெரிவிப்பது உங்கள் பொறுப்பாகும்.