புழுங்கல் அரிசியும் பெரிபெரியும்: கோலாலம்பூரில் நடந்த ஓர் ஆய்வின் வரலாறு

கோலாலம்பூரில் ஜாலான் பகாங் வழியாகப் போகிறவர்கள் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பழைய கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். அந்தக் கழகம் 1900ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டபோது அதன் முன் இருந்த பெரிய கேள்விகள் இரண்டு. ஒன்று மலேரியா. மற்றது பெரிபெரி. மலேரியாவைப் பற்றி நம் குடும்பங்களில் எல்லோருக்கும் ஏதாவது தெரியும். பெரிபெரி என்ற பெயரை இளையவர்கள் கேள்விப்பட்டுக்கூட இருக்க மாட்டார்கள். ஆனால் அந்த நோயின் காரணத்தைக் கண்டறிந்த வரலாற்றில் நம் வீட்டுச் சோற்றுப் பானைக்கும் ஓர் இடம் உண்டு. அதை நம் பொன்விழா மலரில் பதிவு செய்வது பொருத்தமாக இருக்கும்.

பெரிபெரி கால்களில் தொடங்கும். முதலில் மரத்துப் போகும், பிறகு நடை தளரும், கடைசியில் எழுந்து நிற்கவே முடியாது. இன்னொரு வகையில் கால் வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் பழுதாகித் திடீரென்று உயிர் போய்விடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களை இது கூட்டம் கூட்டமாகத் தாக்கியது. சிறைச்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும்கூடப் பரவியது. பாஸ்தருக்கும் கோக்குக்கும் பிறகு எல்லா நோய்க்கும் ஒரு கிருமி இருக்க வேண்டும் என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலம் அது. ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநரான ஹாமில்டன் ரைட் என்பவரும் இது தொற்றுநோய் என்றே கருதினார்.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லியோனார்ட் பிராடன் வேறொரு பக்கம் பார்த்தார். ஒரே ஊரில், ஒரே வெயிலில், ஒரே கொசுக்கடியில் வாழ்கிற மூன்று இனத்தாருள் சீனர்கள் மட்டும் ஏன் இந்த நோயால் அதிகம் சாகிறார்கள்? தமிழர்களுக்கு ஏன் ஏறக்குறைய வருவதே இல்லை? மலாய்க்காரர்களுக்கும் ஏன் இவ்வளவு குறைவு? வேற்றுமை தட்டில் இருந்தது. சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த வெள்ளை அரிசி. நீராவி ஆலையில் நன்றாகத் தீட்டப்பட்டது. மலாய் விவசாயிகள் தங்கள் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது உரலில் குத்திச் சமைத்தார்கள். தமிழர்களோ இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த புழுங்கல் அரிசியை விடவில்லை. 1907இல் இதையெல்லாம் பெரிய நூலாகவே வெளியிட்டார் பிராடன்.

அவர் சொன்ன காரணம் தவறு. தீட்டிய வெள்ளை அரிசி கிடங்கில் கிடந்து பழசாகும்போது அதில் ஏதோ ஒரு நஞ்சு உண்டாகிறது என்றார். ஆனால் கண்ணால் கண்ட வேற்றுமை சரி. அறிவியல் வரலாற்றில் இப்படி அடிக்கடி நடக்கிறது. சரியான இடத்தைத் தோண்டச் சொல்கிறவர், அங்கே என்ன கிடைக்கும் என்பதைத் தவறாகச் சொல்லிவிடுகிறார்.

தோண்டியவர் வில்லியம் பிளெட்சர். தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை திறக்கப்படுவதற்கு முன்பு கோலாலம்பூரிலேயே ஒரு மனநோயாளர் காப்பகம் இருந்தது. அங்கே பெரிபெரி கடுமையாகப் பரவியிருந்தது. பிளெட்சர் 1905ஆம் ஆண்டு இறுதியில் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண் பெற்றவர்களுக்குச் சயாம் வெள்ளை அரிசி, இரட்டைப்படை எண் பெற்றவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. இரு பிரிவினரும் தனித்தனிக் கட்டடத்தில் தங்கினார்கள். மற்றபடி எல்லாம் ஒன்றுதான். ஒருவேளை நோய் அந்தக் கட்டடத்தில் ஒட்டியிருக்கிறதோ என்ற ஐயத்தைத் தீர்க்க, இடையில் இரு பிரிவினரையும் இடம் மாற்றினார். அரிசியை மட்டும் மாற்றவில்லை.

ஓராண்டுக்குப் பிறகு கணக்குப் பார்த்தார்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ 120 பேர். வெள்ளை அரிசி உண்டவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்திருந்தது. அவர்களில் 18 பேர் இறந்துபோனார்கள். புழுங்கல் அரிசிப் பிரிவில் இருவருக்கு மட்டுமே நோய். அந்த இருவரும் காப்பகத்துக்குள் வரும்போதே நோயோடு வந்தவர்கள். முடிவுகள் 1907இல் லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' மருத்துவ இதழில் அச்சாயின.

இந்த 18 பேரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டாலும் மறுக்கிற நிலையில் அவர்கள் இல்லை. இன்று எந்த நாட்டிலும் இப்படி ஓர் ஆய்வுக்கு அனுமதி கிடைக்காது. வெள்ளை அரிசிதான் அங்கே வழக்கமான உணவாக இருந்தது, எனவே பிளெட்சர் புதிதாக எவருக்கும் தீங்கு செய்யவில்லை என்று வாதிடலாம். அதிலும் உண்மை உண்டு. ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல ஒரு பக்கம் ஆட்கள் விழுவதும் மறுபக்கம் விழாததும் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அப்போதும் எண் பார்த்தே அரிசி போடப்பட்டது. வாய்ப்பின்படி ஆட்களைப் பிரித்து உணவைச் சோதித்த முன்னோடி ஆய்வுகளில் ஒன்று என்று மருத்துவ வரலாற்றாசிரியர்கள் இதைப் பாராட்டுகிறார்கள். பாராட்டும்போது அந்த 18 உயிர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது என் கருத்து.

மனநோயாளர் காப்பகத்தில் கண்டது வெளியுலகுக்கும் பொருந்துமா என்று கேள்வி எழுந்தது. ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் துரியான் திப்புஸ் என்ற இடத்தில், காட்டுக்குள் சாலை போட வந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி அதே சோதனையைச் செய்தார்கள். வெள்ளை அரிசிப் பிரிவில் நோய் தோன்றியது. அந்த அரிசியை நிறுத்தியதும் புதிய நோயாளிகள் இல்லை. சிங்கப்பூர் மனநோயாளர் காப்பகத்தில் மருத்துவர் கில்மோர் எல்லிஸ் அரிசியை மாற்றிப் பார்த்தார். அங்கும் அதே கதை.

இதன் பிறகு பிரேசரும் ஸ்டாண்டனும் கோழிகளிடம் போனார்கள். இது ஜாவாவில் கற்ற பாடம். 1890களில் பத்தேவியாவில் டச்சு மருத்துவர் எய்க்மான், வெள்ளைச் சோறு தின்ற கோழிகளின் கால்கள் மடங்கிப் போவதையும், தவிட்டோடு கூடிய அரிசி போட்டால் அவை எழுந்து நடப்பதையும் பார்த்திருந்தார். அவருடைய நண்பர் போர்டர்மான் 101 சிறைச்சாலைகளில், ஏறத்தாழ 280,000 கைதிகளின் உணவுக் கணக்கை எடுத்து மனிதர்களிடமும் அது உண்மை என்று காட்டினார். கோலாலம்பூர்க்காரர்கள் அதற்கு மேல் ஒரு படி ஏறினார்கள். அன்றைக்குத் தீட்டிய புது வெள்ளை அரிசியும் கோழிகளை முடக்கியது. ஆகவே பழசானதால் வந்த நஞ்சு என்ற பிராடனின் விளக்கம் அடிபட்டது. தீட்டும்போது உதிர்கிற தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தால் கோழி நலமாக இருந்தது. தவிட்டைச் சாராயத்தில் ஊறவைத்து எடுத்த சாறும் அதே வேலையைச் செய்தது. அரிசியில் கெடுதல் எதுவும் சேரவில்லை. அரிசியிலிருந்து ஏதோ ஒன்று போய்விட்டது.

போனது என்ன என்று பெயரிட முடியாத நிலையில் அவர்கள் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். அரிசி எவ்வளவு தீட்டப்படுகிறதோ அவ்வளவு பாஸ்பரஸ் குறையும். நோயைத் தடுப்பது பாஸ்பரஸ் இல்லை என்று தெரிந்தும், அதை அளந்தால் தவிடு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கணக்கிடலாமே! பாஸ்பரஸ் பென்டாக்சைடு 0.4 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அந்த அரிசியை நம்பக்கூடாது என்று வரையறுத்தார்கள். 1910இல் மணிலாவில் கூடிய கிழக்காசிய வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசியையே தொடர்ந்து முக்கிய உணவாகக் கொள்வதோடு பெரிபெரிக்குத் தொடர்பு உண்டு என்று தீர்மானம் போட்டது.

புழுங்கல் அரிசியையும் நாம் ஆலையில்தானே தீட்டுகிறோம், அதில் மட்டும் சத்து எப்படித் தங்கியது? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது நடப்பதுதான் விடை. நெல் மணியின் சத்து பெரும்பாலும் மேல்தோலான தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. அது தண்ணீரில் கரையும். ஊறும்போது தண்ணீர் உள்ளே போகிறது, கரைந்த சத்தில் ஒரு பகுதியும் அதோடு மணியின் நடுப்பகுதிக்குப் போய்ச் சேர்கிறது. ஆவியின் சூட்டில் உள்ளே இருக்கும் மாவு பசைபோல இளகி, காயும்போது இறுகிச் சத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. நம் ஊர்ப் பெண்கள் நெல் அவித்தது இதற்காக அல்ல. அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, நாள்பட இருக்கும், பூச்சி குறைவு. பலன் வேறொரு கணக்கில் வந்து சேர்ந்தது.

கரையும் குணம் எதிராகவும் வேலை செய்யும். அரிசியை மூன்று நான்கு முறை தேய்த்துக் கழுவி, வடித்த கஞ்சியைக் கீழே ஊற்றினால் சத்தும் சாக்கடைக்குத்தான் போகும். ரமலானில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியில் எதையும் வடிப்பதில்லை. பயற்றம்பருப்பும் வெந்தயமும் சேர்ந்து எல்லாம் கோப்பைக்கு வந்துவிடுகிறது. பச்சரிசி நொய்யில் காய்ச்சினாலும் அந்த ஆதாயம் உண்டு.

அந்தப் பொருளைத் தனியே பிரித்தவர்கள் பத்தேவியாவில் யான்சன், டொனாத் என்ற இருவர். ஆண்டு 1926. நூற்றுக்கணக்கான கிலோ தவிட்டிலிருந்து ஒரு சிட்டிகைப் படிகம் கிடைத்தது. அதில் கந்தகம் இருப்பதை அவர்கள் கவனிக்கத் தவறினார்கள். 1936இல் அதன் முழு அமைப்பையும் கண்டு ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியவர் அமெரிக்கரான ராபர்ட் வில்லியம்ஸ். அவர் பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில். இன்று அதை வைட்டமின் பி1, தயமின் என்கிறோம். மாவுச்சத்தை எரித்துச் சக்தியாக்க உடம்புக்கு அது வேண்டும். சோறு மிகுதியாகவும் அது குறைவாகவும் இருந்தால் நரம்பும் இதயமும் முதலில் தளரும். உடம்பின் சேமிப்போ சில வாரங்களுக்குத்தான் வரும். 1929இல் நோபல் பரிசு எய்க்மானுக்குக் கிடைத்தது. கோலாலம்பூர் ஆய்வாளர்களுக்கு அந்தப் பெருமை கிட்டவில்லை.

தமிழர் உடம்பின் வாகுதான் காப்பாற்றியது என்று எண்ணிவிடக்கூடாது. நீலகிரியின் குன்னூரில் ஆய்வு செய்த மக்காரிசன், சென்னை மாகாணத்தின் வடகோடித் தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி இருப்பதை ஆராய்ந்தார். அங்கே மக்கள் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. அதே மாகாணம்தான், அரிசிதான் வேறு.

ஜப்பானியர் ஆட்சிக் காலம் இதை நம் வீடுகளுக்கே கொண்டுவந்தது. 1942க்குப் பிறகு அரிசிக் கப்பல்கள் நின்றன. கிடைத்தது கொஞ்சம் பங்கீட்டு அரிசியும் மரவள்ளிக்கிழங்கும். மரவள்ளியில் வயிறு நிறையும், பி1 மிகக் குறைவு. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களுக்குக் காலராவும் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் போதாதென்று பெரிபெரியும் வந்தது. சாங்கி முகாமில் போர்க்கைதிகள், மாட்டுத் தீவனம் என்று ஒதுக்கப்பட்ட தவிட்டை மருந்தாகத் தின்றார்கள்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் ஜப்பான் காலத்தில் கால் வீங்கி இறந்துபோன பாட்டனாரைப் பற்றியோ பெரியம்மாவைப் பற்றியோ ஒரு பேச்சு இருக்கலாம். அந்த வீக்கம் புரதம் இல்லாமல் வந்ததாகவும் இருக்கலாம், பெரிபெரியாகவும் இருக்கலாம். மருத்துவமனைப் பதிவு இருக்க வாய்ப்பில்லை. அவர்கள் பெயர் என்ன, எந்த ஊரில் இருந்தார்கள், அந்த மாதங்களில் என்ன சாப்பிட்டார்கள் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைத்தால் அடுத்த மலருக்கு உதவும்.