அடுத்த வாள் எப்ப வரும்?

வரலாறு எண்டு நாங்கள் படிச்சதில் வாள் என்றால் போர்வாள்தான். அதைத் தூக்கியவர்களின் பெயர் இருக்கும், அதனால் விழுந்தவர்களின் எண்ணிக்கை இருக்கும். ஆனால் எங்கட பேச்சில் மரம் அரிகிறதும் வாள்தான். தமிழ்நாட்டில் அதை ரம்பம் என்று பிரித்துவிட்டார்கள், நாங்கள் பிரிக்கவில்லை. அந்த இரண்டாவது வாளின் வரலாற்றை ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. இந்தக் கட்டுரை அதில் ஒரு சின்னக் கிளையைப் பற்றியது. அமெரிக்காவில் வீட்டு உள்வேலை செய்கிற தச்சர்கள் புது மாதிரி எப்ப வரும் எண்டு மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு இயந்திரம் இருக்கு. பெயர் ஸ்லைடிங் கொம்பவுண்ட் மைற்றர் சோ. தண்டில் சறுக்கி, ஒரே வெட்டில் இரண்டு கோணம் எடுக்கிற வாள். ஒரு மனிதர் வாளுக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? நாங்கள் கேட்க வந்தது இதைத்தான்.

முதலில் மைற்றர் என்றால் என்ன? ஒரு படச்சட்டத்தின் மூலையைப் பாருங்கள். இரண்டு துண்டும் 45 பாகையில் வெட்டப்பட்டு, சேர்ந்து 90 ஆகின்றன. அந்த வெட்டுத்தான் மைற்றர். கேட்க லேசு. ஆனால் நாலு மூலைச் சட்டத்தில் எட்டு வெட்டு இருக்கு. ஒவ்வொன்றிலும் அரைப் பாகை பிழைத்தால், கடைசி மூலையில் நாலு பாகை வாயைத் திறந்துகொண்டு நிற்கும். புட்டி வைத்து மறைக்கிற வேலை அங்கேதான் தொடங்குகிறது. இதற்கு ஐரோப்பியத் தச்சர்கள் வைத்திருந்த விடை மிக எளிமையானது: அடிப்பலகை ஒன்று, பக்கப்பலகை இரண்டு, அந்தப் பக்கப்பலகைகளில் 45 பாகையிலும் 90 பாகையிலும் கீறிய பிளவுகள். மரத்தை உள்ளே வைத்து, பிளவுக்குள் கைவாளை விட்டு அரிய வேண்டியதுதான். அந்தப் பெட்டியைத் தச்சரே ஒரு பின்னேரத்தில் செய்துவிடுவார். பிளவு தேய்ந்தால் வேறொன்று செய்வார். யாரும் யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லாத காலம் அது.

சுவரும் கூரைத்தட்டும் சந்திக்கிற இடத்தில் அமெரிக்க வீடுகளில் சாய்வாக ஒரு அலங்கார விளிம்பு ஓடும். கிரவுண் மோல்டிங் என்பார்கள். அது நிமிர்ந்தும் நிற்காது, படுத்தும் கிடக்காது. வழமையாகச் சுவரிலிருந்து 38 பாகை சாய்ந்திருக்கும். அதை மேசையில் தட்டையாக வைத்துச் சரியான மூலைக்கு வெட்டுவதென்றால் வாளைப் பக்கவாட்டில் 31.6 பாகை திருப்ப வேண்டும், கூடவே 33.9 பாகை சரிக்க வேண்டும். கொம்பவுண்ட் என்ற சொல் இதைத்தான் குறிக்கிறது. இன்றைக்கும் பல வாள்களின் அளவுகோலில் இந்த இரண்டு எண்ணுக்கும் தனிக் குறி இருக்கும். ஒரு தேசத்து வீடுகளின் அலங்கார ரசனை ஒரு இரும்புத் தகட்டில் தசமதானத்தோடு செதுக்கப்பட்டிருப்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

இயந்திரத்தின் கதை நியூ ஜேர்சியில் தொடங்குகிறது. 1920களின் தொடக்கத்தில் ரேமண்ட் டீவோல்ற் என்பவர் மோட்டாரோடு வட்டவாளை ஒரு கையில் தொங்கவிட்டு, அந்தக் கை நீளத்துக்கு முன்னும் பின்னும் ஓடும்படி ஒன்றைச் செய்தார். ரேடியல் ஆம் சோ. 1924இல் பென்சில்வேனியாவில் அவரது பெயரிலேயே கொம்பனி வந்தது. அகலமான பலகையையும் அது வெட்டும், கோணத்திலும் வெட்டும். ஆனால் அதில் ஒரு கெட்ட குணம் இருந்தது. வாளை வெட்டுபவர் தன்னை நோக்கி இழுக்க வேண்டும். அப்போது பற்கள் மரத்தைக் கடித்துக்கொண்டு, மரத்தின் மேலே ஏறித் தானாகவே அவரை நோக்கி ஓடிவரப் பார்க்கும். 2000ஆம் ஆண்டில், 1958 முதல் 1992 வரை விற்ற கிறாப்ற்ஸ்மன் ரேடியல் வாள்களில் சுமார் 37 இலட்சத்துக்குப் புதிய காப்பு மூடி கொடுப்பதாக அமெரிக்காவில் திருப்பியழைப்பு அறிவிக்கப்பட்டது. நாற்பது வருடம் கழித்து ஒரு மூடி! அதற்குள் எத்தனை விரல்கள் போயிருக்கும் என்று யோசிக்காமல் இந்த வரியைக் கடக்க முடியவில்லை.

1964இல் ரொக்வெல் கொம்பனி வேறு வழியில் போனது. மைற்றர் பெட்டியின் மேல் மோட்டார் வைத்த வட்டவாளைப் பொருத்தி, மேலிருந்து கீழே இறக்கினால் வெட்டு முடிகிற கருவி. பாரம் குறைவு, வேலையிடத்துக்குத் தூக்கிப்போகலாம், பழைய கைப்பெட்டியைவிட எத்தனையோ மடங்கு வேகம். ஒரே குறை அகலம். வட்டவாள் மேலிருந்து இறங்கும்போது அதன் அடிப்பகுதி மட்டும்தானே மரத்தைத் தொடும்? 10 அங்குல வட்டவாளால் ஆறு அங்குலப் பலகை வெட்டுவதே பெரிய காரியம். அகலம் வேண்டுமென்றால் இன்னும் பெரிய வாள், இன்னும் பெரிய மோட்டார், இன்னும் பாரம்.

அந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் யப்பானியர்கள். 1980களில் ஹிற்றாச்சி, மகிற்றா போன்ற கொம்பனிகள் மைற்றர் வாளின் தலையைத் தண்டுகளில் ஏற்றி முன்னும் பின்னும் சறுக்க வைத்தன. ஹிற்றாச்சியின் C8FB என்ற மாதிரிக்கு எட்டரை அங்குல வட்டவாள்தான். ஆனால் அதன் பின்வந்த மாதிரியோடு சேர்த்து இந்த வரிசை 12 அங்குல அகலத்தைத் தாண்டி வெட்டியது. டீவோல்றின் நீளமும் ரொக்வெல்லின் இறக்கமும் ஒன்று சேர்ந்துவிட்டன என்று சொல்லலாம்.

ஆனால் சேர்த்தது மட்டுமில்லை, திசையையும் மாற்றினார்கள். எங்களுக்கு இந்தக் கதையில் ஆகப் பிடிச்ச இடம் இதுதான். இந்த வாளில் தலையை முதலில் வெறுமையாக உங்களை நோக்கி இழுக்க வேண்டும், பிறகு கீழே இறக்க வேண்டும், பிறகு உங்களிடமிருந்து அப்பால் தள்ளி வெட்ட வேண்டும். அப்போது பற்கள் ஓடும் திசை உங்கள் தள்ளலை எதிர்க்கும். வாள் உங்கள் மேல் பாயாது. ரேடியல் வாளின் அந்தக் கெட்ட குணம் ஒரு அசைவு மாற்றத்தில் அடங்கியது. இதில் ஒரு வேடிக்கை வேறு. யப்பானியத் தச்சர்களின் கைவாள் இழுக்கும்போது வெட்டுவது, மேற்கத்தேயக் கைவாள் தள்ளும்போது வெட்டுவது. இழுத்து அரிந்த மரபுக்காரர்கள் தள்ளி அரிகிற இயந்திரத்தைச் செய்து மேற்குக்கு விற்றார்கள்.

அமெரிக்கச் சந்தையில் இது வெறும் வேடிக்கையாக இருக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் தச்சர் போன்ற தொழிற்காரர்கள் வாங்கும் மின்கருவிகளில் ஏறத்தாழப் பாதி மகிற்றாவுடையது. பிளாக் அன்ட் டெக்கருக்குப் பத்தில் ஒன்றுகூட இல்லை. தரம் பிரச்சினையில்லை, பெயர்தான் பிரச்சினை. வீட்டில் கோப்பி போடுகிற இயந்திரத்திலும் அதே பெயர் இருந்ததால், அதைக் கையில் பிடித்துக்கொண்டு வேலையிடத்தில் நிற்கத் தொழிற்காரர்கள் வெட்கப்பட்டார்கள். கொம்பனி என்ன செய்தது? 1960இலேயே வாங்கிப் போட்டிருந்த ஒரு பழைய பெயரை எடுத்துத் தூசு தட்டி, மஞ்சள் பூசி, 1992இல் இறக்கியது. டீவோல்ற்! ரேடியல் வாள் செய்த அதே மனிதரின் பெயர். அடுத்த வருடமே யப்பானிலிருந்து வரும் தொழில்முறை மின் வெட்டும் கருவிகள் மீது அமெரிக்க அரசு மலிவுக் குவிப்புக்கெதிரான வரி விதித்தது. முறைப்பாடு கொடுத்ததும் பிளாக் அன்ட் டெக்கர்தான். எந்த வாள் எப்போது, என்ன விலைக்கு ஒரு தச்சரின் கைக்கு வரும் என்பது பட்டறைக்கு வெளியே முடிவாகத் தொடங்கிவிட்டது.

சறுக்கும் வாளுக்கும் குறை இல்லாமலில்லை. தலை தண்டின் நுனிவரை வந்தால் மெல்ல ஆடும். அந்த ஆட்டம் வெட்டில் தெரியும். தண்டுகள் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்பதால் சுவரோடு ஒட்டி வைக்கவும் முடியாது. இந்த இரண்டு குறையையும் தீர்ப்பதாகச் சொல்லித்தான் அதன் பிறகு வந்த மாதிரிகள் எல்லாம் வந்தன. ஜேர்மனியின் பெஸ்டூல், கபெக்ஸ் என்ற வாளில் தண்டுகளை அசையாமல் நிறுத்தித் தலையை மட்டும் அதன் மேல் ஓடவிட்டது. 21.5 கிலோ பாரம், தூக்கலாம், ஆனால் விலையைக் கேட்டால் தூக்கம் வராது. பொஷ் 2010 வாக்கில் தண்டையே எடுத்துவிட்டு, முழங்கை மாதிரி மடிந்து விரிகிற கைகளை வைத்தது. சுவரோடு ஒட்டி வைக்கலாம். ஆட்டமும் குறைவு. பாரம் மட்டும் 30 கிலோவுக்குக் கிட்ட. ஒன்றைக் கொடுத்தால் ஒன்றைப் பிடுங்குகிற கணக்கு. ஆனாலும் இந்தக் காத்திருப்பில் ஒரு நியாயம் இருந்தது. வாங்குபவர் தன் வெட்டில் கண்ட பிழைக்குத்தான் விடை எதிர்பார்த்தார். பிடிக்காவிட்டால் வேறு கொம்பனியிடம் போகலாம், எல்லா வாளும் ஒரே கரண்டில்தான் ஓடியது.

2016இல் டீவோல்ற் பிளெக்ஸ்வோல்ற் என்ற பற்றரி வரிசையை அறிவித்தபோது அதில் 12 அங்குலச் சறுக்கு வாளும் இருந்தது. இரண்டு 60 வோல்ற் பற்றரியைப் போட்டால் 120 வோல்ற். வேண்டுமென்றால் வயரிலும் ஓடும். முடிக்காத வீட்டில், கரண்ட் வராத மாடியில் நின்று 12 அங்குல வாளை ஓட்டலாம் என்பது சும்மா சொல்லக்கூடாது, பெரிய விடுதலைதான். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்டிலிருந்து எழுதுகிற எங்களுக்கு அது நல்லாகவே விளங்கும்.

ஆனால் காத்திருப்பின் தன்மை அங்கே மாறிவிட்டது. துளைகருவி, வட்டவாள், ஆணி அடிக்கிற கருவி எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே பற்றரியில் வாங்கிவிட்ட தச்சர், அடுத்த வாளையும் அந்த நிறத்திலேயே பார்க்க வேண்டியவர் ஆகிறார். பக்கத்துக் கொம்பனியின் வாள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதற்கு மாறுவதென்றால் பற்றரி, சார்ஜர் எல்லாம் புதிதாக. எனவே அவர் வாங்காமல் இருக்கிறார். தன் கொம்பனி எப்ப விடும் எண்டு பார்த்துக்கொண்டு இருக்கிறார். இதைச் சிலர் ஆர்வம் என்று எழுதுகிறார்கள். எங்களுக்கு அது கட்டி வைத்த நிலையாகத்தான் தெரிகிறது. முன்பு ஒரு பின்னேரத்தில் தானே செய்த பெட்டிக்கு, இப்போது இன்னொருவரின் அறிவிப்பு நாளைப் பார்க்க வேண்டும்.

இதற்கிடையில் யாரும் பெரிதாகக் காத்திருக்காத ஒன்றும் உண்டு. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இலேயே முதலாம் வகுப்பில் சேர்த்துவிட்டது. இந்த வகை வாள்கள் தூளைப் பின்பக்கமாக வீசி எறிகிறவை. தூள் உறிஞ்சும் குழாய் பல மாதிரிகளில் ஒப்புக்குத்தான் இருக்கு. வேகமும் அகலமும் விளம்பரத்தில் முதல் வரி, தூள் கடைசி வரி.

சறுக்கு வாளை உலகத்துக்குப் பழக்கிய ஹிற்றாச்சியின் கதை இப்போது எங்கே நிற்கிறது? 2017இல் தாய்க் கொம்பனி தன் மின்கருவிப் பிரிவை கேகேஆர் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. 2018இல் பெயரும் போனது. உலகின் பெரும்பகுதியில் ஹைகோக்கி, வட அமெரிக்காவில் மெட்டாபோ எச்.பி.ரி. புதுப்பெயரோடு அவர்கள் கொண்டுவந்த 36 வோல்ற் பற்றரியைப் பழைய 18 வோல்ற் கருவிகளிலும் மாட்டலாம். பெயர் மாறினாலும் பழைய வாடிக்கையாளர் முதலில் கேட்பது இதைத்தான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.