கடைசல் வேலைக்கு மரம்: புதியவர்கள் எதை வாங்கலாம்?

சிறிய லேத் ஒன்றை வாங்கிவிட்டவருக்கு அடுத்து வரும் கேள்வி, எந்த மரத்தை அதில் மாட்டுவது என்பதுதான். பேராக்கில் இருக்கும் நமக்கு இதற்குப் பதில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: கித்தா மரம்.

1877-இல் சிங்கப்பூர் வழியாக மலாயாவுக்கு வந்த கன்றுகளில் சில கோலகங்சாரில்தான் நடப்பட்டன. அதன் பிறகு நூறு ஆண்டுகள் இந்த மரத்தைப் பாலுக்காகவே வளர்த்தோம். பால் வற்றி, 25 முதல் 30 ஆண்டுகளில் மறுநடவுக்காக வெட்டப்பட்ட மரம் புகைவீட்டுக்கும் செங்கல் சூளைக்கும் விறகாகப் போனது. இன்று அது மேசை நாற்காலிகளாக வெளிநாடு போகிறது. நம் பெற்றோர் விறகாக எரித்த மரத்துக்குக் கடையில் அடிக்கணக்கில் காசு கொடுக்க வேண்டிய காலம் இது.

வெளிர் நிறம், நடுத்தரக் கடினம். உளி வழுக்காமல் சீராகச் சீவும். பழகுபவர் கைக்கு இதைவிட நல்ல மரம் கிடைப்பது கடினம். குறையும் உண்டு. மாவுச்சத்து மிகுந்த மரம் என்பதால், வெட்டிய சில நாள்களில் நீலப்பூஞ்சை படரும். பிறகு துளைவண்டு இறங்கும். தோட்டத்தில் கிடந்த துண்டை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தால், சில மாதங்களில் குண்டூசித் துளைகளும் மாவு போன்ற தூளும் தெரியும். வண்டு அந்தத் துண்டோடு நிற்காது. வீட்டிலுள்ள கித்தா மரச் சாமான்களுக்கும் தாவும். ஆகவே முதல் தடவை, மருந்தேற்றிச் சூளையில் உலர்த்திய கட்டையையே கேட்டு வாங்குங்கள். தட்டு, கிண்ணம் போன்ற சாப்பாட்டுப் பாத்திரங்களுக்கு மட்டும் மருந்தேற்றிய கட்டை வேண்டாம்.

தோட்டத்து மரம்தான் வேண்டும் என்றால், நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, வெட்டிய அன்றே எடுங்கள். பால் வெட்டிய அடித்தண்டில் மிகுந்த கவனம் தேவை. கோப்பை மாட்டிய கம்பி, பால் வடிய அடித்த தகரம், ஆணி ஆகியவை பல ஆண்டுகளில் மரத்துக்குள் மூடிப்போயிருக்கும். சுழலும் கட்டையில் உளி அதில் பட்டால் துண்டு முகத்துக்குத் தெறிக்கும். மேல்தண்டை எடுப்பதே நல்லது. முகக்கவசக் கண்ணாடி இல்லாமல் லேத்தை ஓட்டாதீர்கள்.

பச்சைக் கட்டையை உருண்டையாகவே விட்டால் நிச்சயம் வெடிக்கும். நடுமையத்தின் வழியாக நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரு முனைகளிலும் மெழுகோ பழைய சாயமோ பூசி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் அடுக்குங்கள். காய்ந்ததா என்று அறியச் சமையலறைத் தராசே போதும். வாரம் ஒருமுறை நிறுத்து எழுதுங்கள். எடை குறைவது நின்றால் தயார்.

கித்தாவை விட்டால், வீட்டுத்தோட்டத்துப் பலாவும் ரம்புத்தானும் இருக்கின்றன. பலாவின் மஞ்சள் வைரம் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகும் மரம், கடைய இனிமையானது. செங்கால் உறுதியானதுதான், ஆனால் உளியை மழுக்கும். பழகிய பிறகு பார்க்கலாம்.

ஒரே ஒரு மரத்தைத் தொடவே வேண்டாம் என்பேன்: ரெங்காஸ். கருங்கோடுகள் ஓடும் அதன் சிவப்பு யாரையும் மயக்கும். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம், அரிப்பு, வீக்கம்; தூளே சிலருக்குப் போதும். வெட்டிய இடத்தில் பால் கறுத்துப்போயிருந்தால் அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். பெயர் தெரியாத சிவப்பு மரத்தை வாங்காததே பாதுகாப்பு.

ஆலைகளில் வீணாகும் பலகைப் பெட்டிகளையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் 'எச்டி' முத்திரை இருந்தால் வெப்பமூட்டியது, எடுக்கலாம். 'எம்பி' என்றால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது, ஒதுக்குங்கள்.

மரக்கடையில் 2 அங்குலம் என்பது அறுத்த அளவு, இழைத்தால் குறையும். அளவுகோலை எடுத்துப் போங்கள். ஓர் அடி நீளத் துண்டுகள் நான்கைந்து, முனையில் வெடிப்பும் நடுமையமும் இல்லாதவையாகத் தேர்ந்தெடுத்தால் போதும். முதலில் பருப்பு மத்தோ சப்பாத்திக் குழவியோ கடையுங்கள். பாத்திரத்துக்கு அவசரப்பட வேண்டாம், அதற்குப் பெரிய கட்டையும் வேறு உளியும் வேண்டும்.