கட்டபொம்மனும் பள்ளி மேடையும்

நம் பள்ளி ஆண்டு விழாக்களில் மாறுவேடப் போட்டி என்றால், கட்டபொம்மன் ஒருவனேனும் மேடையேறாதிருப்பது அரிது. மையால் வரைந்த மீசை, அட்டையில் வெட்டிய வாள், தமக்கையின் பட்டுச் சேலையில் ஓர் உத்தரீயம். பாளையக்காரர் போர் நிகழ்ந்த ஆண்டைக் கேட்டால் விழிக்கும் பிள்ளையும், வரி கேட்ட வெள்ளையனுக்கு விடுக்கும் மறுமொழியில் ஒரு சொல்லும் பிசகுவதில்லை. பாடநூலுக்குக் கைவராதது நாடகத்துக்குக் கைவந்திருக்கிறது.

அம்மறுமொழி மேடைக்கு வந்த வழி நெடியது. 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கும்பினியார் தரைமட்டமாக்கினர். நெல்லைச் சீமை மக்களோ மறந்தாரில்லை. பின்னாளில் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடலும், ஊர்தோறும் ஆடப்பெற்ற கட்டபொம்மன் கூத்தும் அந்நினைவைக் காத்தன. அக்கூத்தைக் கண்டு நடிப்பில் நெஞ்சைப் பறிகொடுத்த சிறுவன் ஒருவன், தனக்குத் தாய் தந்தையர் இல்லை என்று பொய் சொல்லிப் பாலர் நாடகக் குழுவொன்றில் சேர்ந்தான். அவர்தாம் சிவாஜி கணேசன். 1957இல், சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதிய நாடகத்தில் அவரே கட்டபொம்மனாக மேடையேறினார். 1959இல் அது திரைப்படமாயிற்று. ம. பொ. சிவஞானம் அவர்களின் ஆய்வும் அதற்குத் துணைநின்றது. கூத்தில் வரலாறு பயின்ற பிள்ளை, வளர்ந்து ஒரு தலைமுறைக்கே ஆசானானான்.

ஆயினும், மேடையில் முழங்கும் அக்காட்சியைவிட, நடந்த நிகழ்ச்சியே சிறந்த நாடகம் என்பது என் எண்ணம். 1798இல் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை அழைத்துவிட்டுச் சந்திக்க மறுத்தான். குற்றாலம், சொக்கம்பட்டி, சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று கலெக்டரின் முகாம் நகர, பாளையக்காரனும் 23 நாட்கள், ஏறத்தாழ 400 மைல் பின்தொடர்ந்தான். இறுதியில் இராமநாதபுரத்தில் பேட்டி கிடைத்தது. மூன்று மணி நேரம் நிற்கவைத்தே வினவினார்களாம். கைகலப்பு மூண்டது, கிளார்க் என்னும் படை அதிகாரி மாண்டான், தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். அதன் பின்னும் கட்டபொம்மன் உடனே போர் தொடுத்தானல்லன். சென்னைக்கு முறையீடு அனுப்பினான். கும்பினியாரே விசாரித்து ஜாக்சனைப் பதவியினின்று நீக்கினர். கயத்தாற்றுத் தூக்குமரம் அடுத்த ஆண்டுதான்.

இந்த அலைச்சலையும் பொறுமையையும் பிள்ளைகளின் மேடையில் நாம் காட்டுவதில்லை. வீரனுக்கு இழுக்கு என்று அஞ்சுகிறோம் போலும். அவமதிப்பைத் தாங்கிய நாட்கள் தெரியாமல், அவன் சினத்தின் எடையைப் பிள்ளை எங்ஙனம் அறியும்? கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்று நூலெழுதினார் தமிழ்வாணன். அத்தகைய வாதங்களுக்கு விடையிறுக்க மீசையும் முழக்கமும் போதா. நடந்ததைத் தெரிந்த மாணவன் வேண்டும்.

நம் மன்றத்தில் சிறுவர்க்குக் கவிதை நாடகம் எழுத விழைவோர் சிலர் உண்டு. அவர்களுக்கு ஊமைத்துரையை நினைவூட்ட விரும்புகிறேன். 1801இல் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பி, இடிந்த கோட்டையை மீண்டும் எழுப்பியவன் அவன். அவனை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரி, 1830இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் அவனை வியந்து எழுதுகிறார். பகைவர் படையைக் குறிக்கச் சிறு வைக்கோல் துண்டுகளை இடது உள்ளங்கையில் பரப்புவானாம். பின் வலக்கையால் ஒரே வீச்சில் அவற்றைத் துடைத்தெறிவான். வாயினின்று ஒரு சீறல் எழும். படையினருக்கு அதுவே தாக்குதல் ஆணை.

நீண்ட வசனம் மனத்தில் நில்லாத பிள்ளையும், மேடையில் நாத்தடுமாறும் பிள்ளையும் எந்த வகுப்பிலும் இருவர் மூவர் இருப்பர். ஆண்டுவிழாவன்று அவர்களைத் திரை இழுக்கவும் நாற்காலி அடுக்கவும் அனுப்பிவிடுகிறோம். இந்த வேடம் அவர்களுக்கு உரியது.