உப்பும் சீமெண்ணெயும் தவிர

"அந்தக் காலத்தில் உப்பும் சீமெண்ணெயும் தவிர எல்லாமே தோட்டத்தில் கிடைத்தது" என்று என் வயதுக்காரர்கள் சொல்வார்கள். கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. மரச்செக்கு எண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும் கம்பங்கூழும் டவுனில் கடை போட்டு விற்கிற காலம் என்பதால் இப்போது பேரன் பேத்திகளும் காது கொடுத்துக் கேட்கிறார்கள். சொல்வது பொய்யில்லை. ஆனால் ஏன் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்தோம், அதை யார் செய்தார்கள் என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம். எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் காங்கயம் பக்கம். கொங்கு நாட்டிலேயே வறண்ட பகுதி. வருடத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை, அதுவும் பாதி ஐப்பசி கார்த்திகையில் பெய்து தீர்ந்துவிடும். கிணறு இருந்தால் தோட்டம், இல்லாவிட்டால் மானாவாரிக் காடு. எதுவும் விளையாத மேட்டு நிலத்தைக் கொறங்காடு என்று மாடு மேய விட்டுவிடுவோம். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். காங்கயம் காளைகள் இந்தப் புல்லில் வளர்ந்தவைதான். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தைக் காப்பாற்றிப் பெருக்கியது ஊரறிந்த செய்தி.

ஆடியில் கம்பு விதைப்போம். மழை கைவிடாவிட்டால் ஐப்பசிக்குள் கதிர் வீட்டுக்கு வந்துவிடும். அடுத்து சோளம், கூடவே அவரை, துவரை, தட்டைப் பயறு, கொள்ளு. வரப்போரம் ஆமணக்கும் புளிச்சையும். புளிச்சை இலையைக் கடைந்து தின்போம், தண்டைத் தண்ணீரில் ஊறப் போட்டு நார் உரிப்போம். மாட்டுக்குக் கட்டும் தலைக்கயிறு வரை அந்த நாரில்தான். தை பிறந்தால் பட்டிப் பொங்கல், அதன் பின் களத்து வேலை.

உண்மையான தயாரிப்பு வேலை மாசிக்கு மேல்தான் ஆரம்பிக்கும். வெயில்தான் அதற்கு முதலீடு.

துவரம் பருப்பை எடுத்துக் கொள்ளுங்கள். துவரையை இரவு முழுக்க ஊற வைத்து, செம்மண்ணைக் குழைத்துப் பூசி, கும்பலாகக் கூட்டி வைப்பார்கள். பிறகு நாலைந்து நாள் காய்ச்சல். மண்ணைச் சலித்துக் கொட்டிவிட்டு, திருகையில் போட்டு இரண்டாக உடைக்க வேண்டும். அப்புறம் முறத்தில் புடைத்துத் தொலியைப் பிரிக்க வேண்டும். ஒரு வருடச் சாம்பாருக்கான பருப்பு இப்படி இரண்டு பெண்களின் தோளைக் கழற்றிவிட்டுத்தான் மொடாவுக்குள் போகும். விளக்கெண்ணெய் இன்னொரு பாடு. ஆமணக்கு முத்தை வறுத்து, உரலில் இடித்து, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும். அதை அகப்பையால் வழித்தெடுத்து மறுபடியும் காய்ச்சி ஈரத்தை வாங்க வேண்டும். விளக்குக்கும் தலைக்கும், குழந்தை வயிற்றுக்கும், வண்டி அச்சுக்கும் அதே எண்ணெய்தான். புளியைக் கொட்டை எடுத்து உப்புப் போட்டு அழுத்துவது, வடகம் போடுவது என்று சித்திரை முடிய ஓயாது. கம்பு இடிப்பதற்கு மட்டும் பருவம் கிடையாது, அது தினப்படி. கோழி கூவுவதற்கு முன்னால் எங்கள் அம்மாவின் உலக்கைச் சத்தம் கேட்கும்.

சரி, இவ்வளவு பாடுபட்டு ஏன் செய்தார்கள்? ஆரோக்கியத்துக்காக என்று இப்போது சொல்லிக் கொள்கிறோம். என் கணக்கு வேறு. காசு வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான் காரணம்.

1799ல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் கொங்கு நாடு கும்பெனியார் கைக்குப் போனது. அவர்கள் கொண்டு வந்தது ரயத்துவாரி முறை. ஒவ்வொரு குடியானவனும் தன் பட்டாவுக்கு உரிய தீர்வையைப் பணமாகக் கட்ட வேண்டும். மழை பெய்ததா, கதிர் பிடித்ததா என்று கிஸ்தி பார்த்துக் கொண்டிருக்காது. அந்தப் பணத்துக்கு வழி பருத்தி. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு கிடைக்கவில்லை. நம் ஊர்ப் பஞ்சுக்கு ஏறிய விலை அப்படி ஏறியது. 1888ல் ஸ்டேன்ஸ் துரை கோயமுத்தூரில் நூல் மில் ஆரம்பித்தார். ஆக, தன்னிறைவாக இருந்ததாக நாம் சொல்லும் தோட்டம், நம் அப்பாருகளின் அப்பாரு காலத்திலேயே உலகச் சந்தையோடு கட்டுப்பட்டுத்தான் இருந்தது. விற்கக் கூடியதை விற்றுத் தீர்வை, கிணறு வெட்டு, கல்யாணம் என்று செலவழித்தார்கள். மீதி எதற்கும் காசு எடுக்கக் கூடாது என்பதால் எண்ணெயும் பருப்பும் கயிறும் வீட்டிலேயே ஆயின.

இதற்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சம் எங்கள் பக்கத்தைப் போட்டுப் புரட்டியது. அதைக் கேள்விப்பட்டு வளர்ந்த தலைமுறை தானியத்தைக் காசாக்கத் தயங்கியது. எங்கள் வாசலில் கல் கட்டிய சோளக்குழி இருந்தது. வாய் ஆள் நுழையும் அளவு, உள்ளே அகலம். நிரப்பி, பலகைக் கல்லை வைத்து, மண் பூசி மூடிவிட்டால் இரண்டு மூன்று வருடம் கிடக்கும். திறக்கும் நாளில் யாரும் உடனே இறங்கக் கூடாது. அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் காத்திருக்க வேண்டும். மூச்சு முட்டிச் செத்தவர்கள் உண்டு. குழிச் சோளத்துக்கு ஒரு புளித்த வாடை இருக்கும். சுவரோரம் கறுத்துப் போன சோளம் எங்கள் வீட்டுச் சட்டிக்கு வராது, பண்ணையத்து ஆளுக்கு மாதக் கூலியாக அளந்த வள்ளத்தில் போகும். இதைக் கல்யாணப் பந்தியில் யாரும் பேசுவதில்லை.

அதே போலத்தான் கவலை. கிணற்றுத் தண்ணீரை மாடு இழுத்து இறைத்த காலம் அது. ஒரு ஜோடி எருது சரிவில் இறங்க, வடக்கயிற்றில் சால் மேலே வரும். பின்னுக்கு நடந்தால் சால் கீழே போகும். விடியற்காலம் நாலு மணிக்குப் பூட்டினால் வெயில் ஏறும் வரை இதே நடைதான். ஒரு நாளில் ஒரு ஏக்கர் நனைவது கடினம். சாலின் அடியில் தண்ணீரை வாய்க்காலில் கக்கும் தும்பி தோலில் தைத்தது. தைத்துக் கொடுத்து, கிழிந்தால் ஒட்டுப் போட்டவர்கள் அருந்ததியர்கள். கூலி, களத்தில் வருடத்துக்கு இவ்வளவு தானியம் என்று பேச்சு. கவலை ஓட்டியவர்களும் பெரும்பாலும் அவர்களே. அந்தத் தோலின் வழியாக வந்த தண்ணீரை நாங்கள் எல்லோரும் குடித்தோம். தைத்தவருக்குத் தாகம் எடுத்தால் குனிந்து கையேந்த வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். சின்னப் பையனாக நானே ஊற்றியிருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் வீட்டுத் தயாரிப்பு என்று ஒரு பட்டியல் போட்டால் அவர்கள் கைவேலைக்குத்தான் முதல் இடம் தர வேண்டும்.

இந்த ஏற்பாட்டை உடைத்தது கரண்ட். 1932ல் பைக்காரா மின்சாரம் வந்தது. மில்களுக்குப் போன கம்பி மெல்லக் கிணறுகளுக்கும் நீண்டது. எங்கள் கிணற்றுக்கு வர 1961 ஆகிவிட்டது. மோட்டார் ஓடிய முதல் வருடமே ஒரு ஜோடி எருதை விற்றோம், அடுத்த வருடம் இன்னொன்று. எருது போனதும் எரு குறைந்தது. எரு குறைந்ததும் உர மூட்டை வந்தது. கரண்ட் பில்லும் உரக்கடைப் பாக்கியும் மாதாமாதம் காசு கேட்டன. கம்பும் சோளமும் அந்தக் காசைத் தராது. கரும்பும் மஞ்சளும் தோட்டத்தைப் பிடித்துக் கொண்டன. பருப்பைக் கடையில் வாங்குவது கேவலம் என்று நினைத்த எங்கள் ஆத்தா, 1966 வாக்கில் மளிகைச் சீட்டில் அதையும் எழுதச் சொல்லிவிட்டார்.

நடுவில் மாவு மில் வந்தது. பழையது போயிற்றே என்று நான் வருத்தப்பட்டால் அம்மாவுக்குக் கோபம் வரும். மில் வைத்தவனுக்குக் கோயில் கட்டலாம் என்பார். முப்பது வருடம் உலக்கை பிடித்த கை அது, சொல்ல உரிமை உண்டு.

ஆனால் நெய் விஷயத்தில் அம்மா பக்கம் நஷ்டம். எங்கள் பக்கம் வெண்ணெய்க்குப் பேர் போனது, ஊத்துக்குளி வெண்ணெய் இன்றும் பிரசித்தம். விடியற்காலையில் தயிர் கடைந்து, வெண்ணெய் சேர்த்து, முருங்கை இலை போட்டு உருக்கி, சந்தை நாளில் விற்பது முழுக்கப் பெண்கள் பொறுப்பு. மோரை அக்கம்பக்கம் கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா ஊற்றுவார்கள். நெய்க்காசு ஆத்தாவின் சுருக்குப் பையில். அதற்கு அப்பாருவிடம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் அத்தைகளுக்குத் தோடு செய்ததும், என்னை டவுனில் ஹாஸ்டலில் சேர்க்கும்போது முதல் பணம் கட்டியதும் அந்தப் பையிலிருந்துதான்.

1970ல் வெண்மைப் புரட்சித் திட்டம் நாட்டில் தொடங்கியது. சில வருடங்களில் எங்கள் ஊரிலும் பால் சங்கம் வந்து, காலையும் மாலையும் பாலாக அளந்துவிடலாம் என்றானது. கடையும் வேலை மிச்சம், பணமும் ஒழுங்காக வந்தது. நல்லதுதான். பாஸ் புத்தகம் அப்பா பெயரில். மாட்டுக்குத் தீவனம் வைத்ததும், பால் கறந்ததும், கட்டுத்தரை கூட்டியதும் அம்மாதான். ஆத்தாவின் சுருக்குப் பையில் அதன் பிறகு வெற்றிலை பாக்கு மட்டும் இருந்தது.