காகிதக் கூம்பின் கதை

கதை எழுதுகிறவனிடம் யாரும் ஸ்பீக்கரைப் பற்றி யோசனை கேட்கக்கூடாது. கேட்டாலும் அவன் சொல்லக்கூடாது. இந்த இரண்டு விதிகளும் ஒரே நாளில் மீறப்பட்டதால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

என் நண்பர் ஒருவர் மெல்லிசைக் குழுவில் முப்பது வருஷம் கிதார் வாசித்தவர். என்னைவிட மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் காலமான பிறகு கிதாரும், வால்வு வைத்த பழைய 15 வாட் ஆம்ப்ளிஃபயரும் மகன் கைக்கு வந்தன. ஒரு நாள் பெட்டி கரகரவென்று இருமிவிட்டு ஓய்ந்தது. கழற்றிப் பார்த்தால் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்து, உள்ளே இருந்த கம்பிச் சுருளும் கருகியிருந்தது.

"சித்தப்பா, புதுசு எது வாங்கலாம்?" என்று என்னிடம் வந்தான்.

"வாட் அதிகமாப் பார்த்து வாங்குப்பா. ஆயுசுக்கும் போகாது" என்றேன், எல்லாம் தெரிந்தவன் போல.

பொதுக்கூட்டங்களில் முழங்குகிற ரகமாகப் பார்த்து வாங்கி மாட்டினான். சத்தம் வந்தது, நாதம் வரவில்லை. இரண்டு நிமிஷம் வாசித்துவிட்டுக் கிதாரைக் கீழே வைத்தான். "அப்பா வாசிக்கிற மாதிரி இல்லை" என்றான். சமையலறையில் இருந்த அண்ணி ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. பிராயச்சித்தமாக, இந்தக் காகிதக் கூம்பின் பூர்வோத்தரத்தைப் படிக்க உட்கார்ந்தேன்.

காந்தத்தின் நடுவே கம்பிச் சுருளைத் தொங்கவிட்டு, மின்சாரத்தால் அதை அசைத்துச் சத்தம் எழுப்பலாம் என்ற யுக்தி பழையது. டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சனும் அமெரிக்கரான எட்வின் பிரிடாமும் 1915-ல் கலிபோர்னியாவில் அதைப் பெரிய ஊதுகுழலோடு இணைத்துக் கூட்டத்துக்குக் கேட்கும்படி செய்தார்கள். 1919-ல் ஜனாதிபதி வில்சன் ஸான் டியாகோ நகரில் ஐம்பதாயிரம் பேருக்கு முன் பேச அந்தக் கருவியே கைகொடுத்தது. 1925-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் ஊதுகுழலைத் தள்ளிவிட்டுக் காகிதக் கூம்பை வைத்தார்கள். இன்று நம் வீடுகளில் இருக்கும் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை அந்த வம்சம்தான்.

ஜென்சன் 1927-ல் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார். அவர் பெயர் தாங்கிய ஸ்பீக்கர்களைத்தான் கலிபோர்னியாவின் லியோ ஃபெண்டர் தம் ஆம்ப்ளிஃபயர்களில் நிறைய வைத்தார். 1950-களின் கடைசியில் வந்த அவருடைய 'பாஸ்மன்' பெட்டியில் பத்தங்குல ஜென்சன்கள் நான்கு இருந்தன.

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. லண்டனில் ஜிம் மார்ஷல் என்று ஒரு டிரம் வாத்தியார். 1960-ல் ஹான்வெல் பகுதியில் வாத்தியக் கடை வைத்தார். 1962-ல் அவரும் கென் பிரான், டட்லி கிரேவன் என்ற இருவரும் அந்த பாஸ்மனைப் பார்த்து ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்தார்கள். சர்க்யூட்டு கிட்டத்தட்ட அதேதான். வால்விலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் சில மாறுதல்கள். ஆனால் ஸ்பீக்கர் மட்டும் உள்ளூர் செலஸ்டியன், பன்னிரண்டு அங்குலம். இரண்டு போட்டுப் பார்த்தார்கள், தாங்கவில்லை. நான்கு போட்டு, பின்பக்கம் மூடிய பெட்டியில் வைத்தார்கள். அமெரிக்கப் பெட்டி மணிபோல் ஒலித்தது என்றால், இது உறுமியது. அந்த உறுமலின் மேல்தான் பின்னால் ராக் சங்கீதம் வீடு கட்டிக்கொண்டது.

கெட்டுப்போன ஸ்பீக்கருக்கும் சரித்திரத்தில் இடமுண்டு. 1951-ல் மெம்பிஸ் நகருக்கு ஒலிப்பதிவுக்காக வந்த ஒரு குழுவின் ஆம்ப்ளிஃபயர் வழியில் அடிபட்டுவிட்டது. காகிதத்தைத் திணித்து ஒப்பேற்றிப் பதிவு செய்தார்கள் என்பார்கள். அந்தக் கரகரப்போடு வந்த 'ராக்கெட் 88' பெரும் வெற்றி. 1964-ல் இங்கிலாந்தில் டேவ் டேவிஸ் என்ற இளைஞர், கிழியாத ஸ்பீக்கரைத் தாமே பிளேடால் கீறிவிட்டு வாசித்துப் பெயர் வாங்கினார்! இசையைக் கெடுக்கும் கோளாறு என்று ஒருவர் நினைப்பது இன்னொருவருக்கு இசையாகவே இருக்கிறது.

இதிலிருந்து என் தப்பு எனக்கு விளங்கியது. பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் கண்ணாடி ஜன்னல் மாதிரி. உள்ளதை உள்ளபடி காட்டவேண்டும். கிதார் ஸ்பீக்கர் வீணையின் குடம் மாதிரி; வாத்தியத்தின் ஓர் அங்கம். அதன் மெல்லிய காகிதம் தானும் நெளிந்து தன் பங்குக்கு ஒரு நாதத்தைச் சேர்க்கிறது. வினாடிக்கு 5,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட கீச்சொலிகளைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. நான் சிபாரிசு செய்த முரட்டுக் கூம்பு நெளியவே மறுத்துவிட்டது.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? முதலில் அளவு. அடுத்தது ஓம், பழையது 8 ஓம் என்றால் புதியதும் 8 ஓம்தான். மாறினால் வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் அவதிப்படும். வாட் கணக்கில் கொஞ்சம் தாராளம் வேண்டும். வால்வுப் பெட்டியை முழுக்க முறுக்கினால் எழுதியிருப்பதைவிட அதிகமாகவே கொடுக்கும். ஆனால் வாட் என்பது ஸ்பீக்கரின் பொறுமை. அதன் குரல் அல்ல. குரல் எவ்வளவு எடுப்பு என்பதை டெசிபல் சொல்லும். ஒரே ஆம்ப்ளிஃபயரில் 97 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபல் போட்டால், ஆம்ப்ளிஃபயரின் சக்தியையே இரட்டிப்பாக்கியதற்குச் சமம்.

கடைசியாகக் காந்தம். அண்ணாவின் பழைய ஸ்பீக்கரில் இருந்தது அல்னிகோ: அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்தது. 1960-களிலேயே மலிவான பீங்கான் காந்தம் புகுந்துவிட்டது. 1978-ல் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டில், கோபால்ட் சுரங்கங்கள் நிறைந்த ஷாபா மாகாணத்தில் சண்டை மூண்டு, கோபால்ட் விலை ஆகாயத்துக்கு ஏறியதும், மிச்சமிருந்தவர்களிலும் பெரும்பாலோர் பீங்கானுக்கு மாறினார்கள். எங்கோ துப்பாக்கி வெடித்தால் எங்கோ ஒரு கிதாரின் குரல் மாறுகிறது!

அல்னிகோ இப்போதும் கிடைக்கிறது; விலையைக் கேட்டுவிட்டுப் பையன் என் முகத்தைப் பார்த்தான். கடைசியில் பீங்கான் காந்தம்தான் வாங்கினோம்: பன்னிரண்டு அங்குலம், 8 ஓம், 30 வாட், மெல்லிய காகிதக் கூம்பு. பழையதை அண்ணி தூக்கிப்போட விடவில்லை. துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அவன் வாசித்தபோது அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். முடிந்ததும், "கொஞ்சம் விறைப்பா இருக்கு" என்றாள்.

புதுக் கூம்பு வாசிக்க வாசிக்கத் தளர்ந்து இளகும் என்று படித்திருந்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே, "பழகினா சரியாயிடும். நீ நிறுத்தாம வாசி" என்றாள் மகனைப் பார்த்து.