நாவலாசிரியர் வைத்த விலாசக் கடை

'டாம் ஜோன்ஸ்' என்ற நாவலைப் படித்தவர்கள் நம்மில் சிலராவது இருப்பார்கள். படிக்காவிட்டாலும், காலேஜில் இங்கிலீஷ் இலக்கியம் எடுத்துப் பரீட்சைக்காகவாவது அந்தப் பெயரை மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம். அதை எழுதிய ஹென்றி பீல்டிங்கை 'இங்கிலீஷ் நாவலின் தகப்பனார்' என்று சொல்வதுண்டு. (அந்தத் தகப்பனார் பதவிக்கு இன்னும் இரண்டு மூன்று பேர் போட்டியில் நிற்கிறார்கள் என்பது வேறு விஷயம்.) 'டாம் ஜோன்ஸ்' வெளியாகி ஏறக்குறைய ஒரு வருஷத்தில், 1750-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி, அந்த மனிதர் லண்டன் ஸ்டிராண்ட் வீதியில் ஒரு கடை திறந்தார். துணிக்கடை அல்ல, மளிகைக் கடை அல்ல, புத்தகக் கடைகூட அல்ல. உள்ளே இருந்தவை பெரிய பெரிய பேரேடுகளும் அவற்றை எழுதக் குமாஸ்தாக்களும்தான். அங்கே விற்ற சரக்கு, ஆளின் பெயரும் விலாசமும்.

கடையின் பெயர் என்னவோ பிரமாதமான பெயர்: 'யூனிவர்சல் ரிஜிஸ்டர் ஆபீஸ்'. சர்வலோகப் பதிவு நிலையம் என்று தமிழில் சொன்னால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. இங்கிலீஷிலும் அப்போதே பலர் சிரித்தார்கள்.

அந்த வருஷம் நம் பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். பிரெஞ்சுக்காரர் பிடித்து வைத்திருந்த சென்னைப்பட்டணம் 1749-ல்தான் இங்கிலீஷ் கம்பெனியின் கைக்குத் திரும்பியிருந்தது. புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸ் துரைக்குத் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்தார். யாரிடம் என்ன சரக்கு இருக்கிறது, யாருக்கு எது தேவை, யாரை யாரிடம் அழைத்துப்போனால் காரியம் ஆகும் என்பதெல்லாம் துபாஷுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது அவர் தலைக்குள் இருக்கும் சொத்து. அதை ஆறு மாசம் சம்பளம் வாங்குகிற குமாஸ்தாவும் புரட்டிப் பார்க்கும்படி பேரேட்டில் ஏற்றிவிட்டால் என்ன? இதுதான் பீல்டிங்கின் யுக்தி.

ஆனால் யுக்தி அவருடைய சொந்தச் சரக்கல்ல. மோன்டேன் என்ற பிரெஞ்சுக் கட்டுரையாசிரியர், 1580-ல் வெளிவந்த தம் கட்டுரைகளில், தம் தகப்பனாருடைய ஆசை ஒன்றைச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு நகரத்திலும் ஓர் இடம் இருக்க வேண்டுமாம். முத்து விற்க வந்தவனும், முத்து வாங்க வந்தவனும், வேலைக்காரன் தேடுகிறவனும், எஜமானன் தேடுகிறவனும் அங்கே போய்த் தங்கள் தேவையை எழுதி வைக்க வேண்டுமாம். அந்த இடத்தில் மோன்டேன் இரண்டு பண்டிதர்களைப் பற்றிச் சொல்கிறார். மகா மேதைகள், வயிற்றுக்கில்லாமல் செத்தார்கள். தெரிந்திருந்தால் அழைத்து வைத்து ஆதரிக்க ஆயிரம் பேர் இருந்தார்கள். தெரியவில்லை! அந்த ஒன்றுதான் குறை. விலாச வியாபாரம் உலகத்தில் இப்படி ஓர் இரக்கத்தில் பிறந்தது என்பதை நான் ரசிக்கிறேன்.

அந்த ஆசையை முதலில் கட்டிடமாக எழுப்பியவர் தெயோபிராஸ்ட் ரெனோதோ என்ற வைத்தியர். 1630 வாக்கில் பாரிஸில், ரிஷ்லியு மந்திரியின் தயவில், 'விலாச நிலையம்' திறந்தார். பதிவு செய்ய மூன்று சூ காசு. கையில் காசில்லாத ஏழைக்கு இனாம். 1631-ல் 'கெஸட்' என்ற பத்திரிகை ஆரம்பித்தார். பிறகு அடகுக் கடை. அதற்குப் பிறகு ஏழைகளுக்கு இலவச வைத்தியம். கடைசியில் சொன்ன காரியம்தான் அவருக்கு வினையாக முடிந்தது. பாரிஸ் வைத்தியர்கள் சும்மா இருப்பார்களா? 1642-ல் ரிஷ்லியுவும் மறு வருஷம் ராஜாவும் கண்ணை மூடியதும் வழக்குப் போட்டு, 1644-ல் வைத்தியத்தையும் அடகையும் நிறுத்திவிட்டார்கள். 1653-ல் ரெனோதோ ஏழையாக இறந்தார். இன்று பிரான்ஸில் ஒவ்வொரு வருஷமும் ஒரு நாவலுக்கு அவர் பெயரால் பரிசு தருகிறார்கள். 1926 முதல் வரும் வழக்கம் அது. பத்திரிகைக்காரர் என்ற முறையில்தான் தருகிறார்களே தவிர, விலாசம் விற்றதற்காக அல்ல.

லண்டனிலும் 1650-ல் ஹென்றி ராபின்ஸன் என்பவர் திரெட்நீடில் வீதியில் இதே மாதிரி ஒன்று வைத்துப் பார்த்தார். நிலைக்கவில்லை. அதை விட்டுவிட்டு பீல்டிங்கிடம் வருவோம்.

பீல்டிங் ஏன் கடை வைத்தார்? வயிற்றுப் பிழைப்புக்குத்தான். முதலில் அவர் நாடகாசிரியர். மந்திரி வால்போலைக் கேலி செய்து நாடகம் போட்டார். 1737-ல் மந்திரி நாடகத் தணிக்கைச் சட்டம் கொண்டுவந்து அந்த வாயை அடைத்தார். பிறகு சட்டம் படித்து வக்கீலானார். கட்சிக்காரர்கள் அதிகம் வரவில்லை. கடைசியில் வெஸ்ட்மினிஸ்டர் மாஜிஸ்திரேட் உத்தியோகம் கிடைத்தது. அந்தக் காலத்து லண்டன் மாஜிஸ்திரேட்டுக்கு வருமானம் கட்சிக்காரர் கட்டும் கட்டணத்திலிருந்து வர வேண்டும். சண்டையை வளர்த்துவிட்டால் காசு, சமாதானம் செய்துவைத்தால் பூஜ்யம். பீல்டிங் சமாதானம் செய்துவைக்கும் ரகம். வருஷத்துக்கு 500 பவுன் வரக்கூடிய நாற்காலியில், தமக்கு 300-க்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது, அதிலும் பெரும் பகுதி குமாஸ்தாவுக்குப் போயிற்று என்று கடைசிக் காலத்தில் அவரே எழுதினார்.

கூட்டாளி, அவருடைய மாற்றாந்தாய் மகன் ஜான். பத்தொன்பது வயசில் பார்வை இழந்தவர். பேரேடுகளால் ஆன ஒரு கடையைக் கண் தெரியாத ஒருவர் நடத்தினார் என்பது கதையில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் ஜான் சாமானியரல்ல. பிற்காலத்தில் மாஜிஸ்திரேட்டாகி, 'சர்' பட்டமும் வாங்கி, மூவாயிரம் திருடர்களைக் குரலைக் கொண்டே அடையாளம் சொல்வார் என்று லண்டன் முழுதும் பேச்சு.

கடைக்காரர்களையும் ஜனங்களையும் வரவழைக்க ஹென்றி ஒரு சிறு பிரசுரம் எழுதினார். என்னைக் கேட்டால், உலகத்து விளம்பர எழுத்தில் முதல் வரிசையில் வைக்கவேண்டியது அது. 'எங்களிடம் வாருங்கள், மலிவு' என்று அவர் ஆரம்பிக்கவில்லை. மனித சமூகம் என்றால் என்ன என்று ஆரம்பிக்கிறார்! பெரிய நகரத்தில் எல்லாத் திறமையும் எங்கேயோ ஒரு மூலையில் இருக்கிறது. அந்தத் திறமை வேண்டிய ஆளும் இன்னொரு மூலையில் இருக்கிறான். நகரம் பெருக்கப் பெருக்க இரண்டு பேரும் சந்திப்பது அரிதாகிறது. ஆகவே எல்லாரையும் ஓரிடத்தில் எழுதி வைத்தால் சமூகமே பூரணமாகும் என்பது வாதம். வீடு விற்பவர், வாடகைக்கு விடுபவர், கடன் கொடுப்பவர், சமையற்காரி, உபாத்தியாயர், வண்டியில் பாதிச் செலவை ஏற்கத் துணை தேடும் பிரயாணி எல்லாருக்கும் பேரேட்டில் இடம் உண்டு. செலவோ சில்லறைக் காசு. அதைப் படித்து முடித்த கடைக்காரன், தான் பெயரைப் பதியாவிட்டால் மனித குலத்துக்கே துரோகம் செய்வதாக நினைத்துக்கொண்டிருப்பான்.

எழுத்தாளர் கடை வைத்தால் வரும் ஆபத்து, எழுத்திலும் கடை நுழைந்துவிடுவது. 1751 டிசம்பரில் 'அமீலியா' நாவல் வெளிவந்தது. அதில் கதைப் போக்கிலேயே ரிஜிஸ்டர் ஆபீஸைப் பற்றிப் புகழ்ச்சி வருகிறது. கதை நடப்பதோ அந்த ஆபீஸ் பிறப்பதற்குப் பல வருஷம் முன்னால்! விமரிசகர்கள் விடுவார்களா? பிற்காலப் பதிப்பில் அந்த இடங்களை எடுத்துவிட்டார்கள். 1752 ஜனவரியில் 'காவெண்ட் கார்டன் ஜர்னல்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். கடைக்கு விளம்பரம் செய்யவே பத்திரிகை என்று ஊர் பேசிற்று. போட்டியாக பானல் தார்ன்டன் என்ற இளைஞர் ஒரு பத்திரிகை நடத்தி, பீல்டிங்கையும் ஆபீஸையும் நையப் புடைத்தார். இதற்குள் ஆபீஸில் வேலை பார்த்த தால்லூவின் என்ற ஒருவர் வேலையை விட்டுப் போய், பக்கத்திலேயே கிங் வீதியில் 'பப்ளிக் ரிஜிஸ்டர் ஆபீஸ்' என்று எதிர்க்கடை திறந்துவிட்டார். தலைக்குள் இருந்த சொத்தைப் பேரேட்டில் ஏற்றினால், பேரேட்டைப் பார்த்தவன் அதைத் தன் தலைக்குள் எடுத்துக்கொண்டு போகலாம். துபாஷுக்கு அந்தப் பயம் கிடையாது.

கிளாஸ்டன்பரி என்ற ஊரில் சர்வரோக நிவாரண ஊற்று ஒன்று கிளம்பி 1751-ல் ஜனங்கள் பைத்தியமாக அலைந்தபோது, அந்தத் தண்ணீரும் பாட்டிலில் ஸ்டிராண்ட் கடையில் விற்பனைக்கு வந்தது. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். அவர் மேல் மரியாதை. ஆனால் சரித்திரம் எழுதும்போது தண்ணீரை மட்டும் வடிகட்டுவது நியாயமல்ல. பாவம், வாத நோயால் நடக்க முடியாமல் இருந்த மனிதர். அவரே அதை நம்பிக் குடித்தார்.

எனக்கு உண்மையில் உறுத்துவது வேறொன்று. பௌ ஸ்டிரீட்டில் திருடர்களை விசாரிக்கும் அதே மனிதர்தான் ஸ்டிராண்டில் வேலைக்காரர்களைப் பதிவு செய்கிறார். நன்னடத்தை இல்லாதவர்களை நாங்கள் சேர்ப்பதில்லை என்று சகோதரர்கள் பெருமையோடு சொன்னார்கள். வீட்டுக்காரருக்கு அது நிம்மதிதான். ஆனால் பழைய எஜமானி கோபத்தில் நற்சாட்சி தராமல் துரத்திவிட்ட ஒரு பெண்ணின் கதி என்ன? லண்டன் முழுவதற்கும் ஒரே பேரேடு, அதில் அவள் பெயர் ஏறாது என்றால், எந்தக் கதவைத் தட்டுவாள்? பேரேடு எவ்வளவு பெரிதாகிறதோ, அதில் இல்லாதவனின் உலகம் அவ்வளவு சிறிதாகிறது. சமூகத்தைப் பூரணமாக்கப் புறப்பட்டவர் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

பேரேட்டில் ஏறினவர்களுக்கும் இன்னொரு சங்கடம் உண்டு. நம் ஊர்த் தரகரை எடுத்துக்கொள்ளுங்கள். வீடோ மாடோ கைமாறிய பிறகுதான் அவருக்குத் தரகு. மாடு விலையாகாவிட்டால் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்ததற்குக் கூலி கிடையாது. ரிஜிஸ்டர் ஆபீஸில் அப்படியல்ல. பெயர் எழுதிய உடனே காசு. வியாபாரம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை. பீல்டிங் சகோதரர்கள் யோக்கியர்கள். அவர்களைப் பார்த்துக் கடை வைத்தவர்கள் எல்லாரும் யோக்கியர்களா? 1761-லேயே ஜோசப் ரீட் என்பவர் 'ரிஜிஸ்டர் ஆபீஸ்' என்று ஒரு கேலி நாடகம் எழுதி லண்டனில் அரங்கேற்றினார். ஏமாற்றுக்கார முதலாளி, காசு கட்டிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் அப்பாவிகள் என்று போகிறது அது. பதினொரு வருஷத்துக்குள் கடை நாடகக் கேலிக்கு வந்துவிட்டது!

பிறகு வந்த கதை உங்களுக்குத் தெரியும். 1878-ல் அமெரிக்காவில் நியூஹேவன் நகரில் முதல் டெலிபோன் டைரக்டரி: ஒரே தாள், ஐம்பது பெயர். சில வருஷத்தில் தொழில்வாரியாகப் பிரித்த மஞ்சள் பக்கங்கள். விரல் நடக்கும் அந்தப் படத்தை டெலிபோன் கம்பெனி தன் வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்யாமல் விட்டதால், கண்டவர்களும் அதை அச்சிட்டு, பில் மாதிரியே தோன்றும் விளம்பரக் கடிதங்களைச் சிறு கடைக்காரர்களுக்கு அனுப்பிக் காசு பறித்தார்கள். இப்போது பேரேடு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. வீட்டுப் பழுது பார்க்கும் தொழிலாளர்களுக்கு வாடிக்கைக்காரர் பெயர்களை விற்கும் 'ஹோம் அட்வைஸர்' கம்பெனி, அந்தப் பெயர்களின் தரத்தை உள்ளதற்கு மேல் சொல்லி விற்றதாக அமெரிக்க வர்த்தகக் கமிஷன் 2022-ல் குற்றம் சாட்டிற்று. மறு வருஷம் 72 லட்சம் டாலர் வரை கொடுக்க உடன்பாடாயிற்று.

எங்கள் தெருவில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் செய்யும் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் இப்படி ஒரு கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, தேனாகப் பேசி, பணம் கட்ட வைத்தாள். எப்படி இருக்கிறது வியாபாரம் என்று கேட்டேன்.

"பேர் வருது சார், ஆள்தான் வரல்லே. போன் போட்டா, 'உனக்கு முன்னாடி நாலு பேர் பேசிட்டாங்கப்பா'ன்னு வச்சுடறாங்க."

ஒரே பெயரை ஐந்து பேருக்கு விற்கலாம் என்பது பீல்டிங்குக்குத் தோன்றாத யுக்தி. தோன்றியிருந்தால் சௌக்கியமாக இருந்திருப்பாரோ என்னவோ!

அவர் சௌக்கியமாக இல்லை. 1754-ல் உடம்பு முற்றிலும் கெட்டு, சீதோஷ்ணத்துக்காகப் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பனுக்குக் கப்பலேறினார். அங்கேயே அக்டோபர் 8-ஆம் தேதி காலமானார், வயது 47. 'டாம் ஜோன்ஸ்' உரிமையை ஆண்ட்ரூ மில்லர் என்ற பதிப்பாளர் 600 பவுனுக்கு வாங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அது எத்தனை பதிப்புப் போனாலும் குடும்பத்துக்கு அதில் பாத்தியதை இல்லை. (நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) அவர் எழுதி வைத்த உயில் மிகச் சிறியது. சொத்தையெல்லாம் விற்று மனைவி மக்களுக்கு வருஷாந்தர வருமானம் ஏற்பாடு செய்யும்படி ரால்ப் ஆலன் என்ற நண்பரைக் கேட்டுக்கொள்கிறார். ஒன்றை மட்டும் விற்கக்கூடாது என்று விலக்கி வைக்கிறார். அது ரிஜிஸ்டர் ஆபீஸில் அவருக்கு இருந்த பங்குகள். மொத்தம் இருபது. மனைவி மேரிக்குப் பத்து, உடனே அவள் கைக்கு. மூத்த மகள் ஹாரியட்டுக்கு ஏழு. 'டாம் ஜோன்ஸ்' கதாநாயகியின் பெயரையே கொண்ட சின்னப் பெண் சோபியாவுக்கு மூன்று; அவளுக்கு அப்போது நாலு வயசு. பெண்கள் இருபத்தோரு வயசு அடையும்வரை அவர்கள் பங்கின் லாபத்தை ஆலன் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்.